மழைக்காட்டு நடையில் ஓசை எழுப்புவதா, அடங்கி நடப்பதா?

சருகுநடை (கேள்வி):

நண்பர்களுக்கு வணக்கம். வெப்பமண்டல மழைக்காடு ஒன்றில் வழிகாட்டி ஒருவருடன் நான்கு நாட்கள் நடந்துவிட்டு அண்மையில்தான் திரும்பினேன். மலைப்பாதைகளிலும் புல்வெளிகளிலும் பல ஆண்டுகள் நடந்த பழக்கம் எனக்கு உண்டு. ஆனால் வானமே கண்ணில் படாத காட்டுக்குள் நடந்தது இதுவே முதல்முறை. புறப்படுவதற்கு முன் படித்த குறிப்புகளில் பாதி, விலங்குகள் திடுக்கிடாமல் இருக்கப் பேசிக்கொண்டே நடக்க வேண்டும், வளைவுகளில் கைதட்ட வேண்டும் என்றன. மீதிப் பாதி, வாயைத் திறக்காமல் நடந்தால்தான் எதையாவது பார்க்க முடியும் என்றன. எங்கள் வழிகாட்டியோ சில இடங்களில் தாமே தொண்டையைச் செருமிக்கொண்டு நடந்தார். வேறு சில இடங்களில் நான் தண்ணீர்ப் புட்டியின் மூடியைத் திருகிய ஓசைக்கே திரும்பிப் பார்த்து முறைத்தார். எந்த இடத்தில் எது என்பதற்கு அவரிடம் ஏதோ கணக்கு இருந்தது. ஆனால் அவருடைய மொழி எனக்கும் என்னுடைய மொழி அவருக்கும் அரைகுறையாகவே தெரிந்ததால் அதைக் கேட்டறிய முடியவில்லை.

முதல் இரண்டு நாட்களில் அட்டைகளையும் எறும்புகளையும் தவிரச் சொல்லிக்கொள்ளும்படி எதையும் நான் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் மாலை, சரிவில் ஏறுவதற்காக ஒரு மெல்லிய மரத்தண்டைப் பற்றப் போன என் மணிக்கட்டை வழிகாட்டி வெடுக்கென்று பிடித்து இழுத்தார். அவர் சுட்டிக்காட்டிய பிறகும் எனக்கு இலைகள்தான் தெரிந்தன. கடைசியில், நான் கை வைக்கவிருந்த இடத்துக்கு ஒரு சாண் மேலே, பச்சைக் குழிவிரியன் ஒன்று கிளைக்கவட்டில் சுருண்டிருப்பது புலப்பட்டது. நாங்கள் மூச்சிரைக்கப் பேசிக்கொண்டுதான் ஏறி வந்திருந்தோம். அது அசையவே இல்லை. மறுநாள் காலை அதே வழியில் இறங்கியபோதும் அதே கவட்டில், அதே சுருளாக, தலையை அதே பக்கம் வைத்துக் கிடந்தது.

அன்றே பிற்பகலில் ஒரு வளைவைத் தாண்டியதும் பெரிய உடல் ஒன்று புதரை முறித்துக்கொண்டு ஓடியது. நான் அதைப் பார்க்கவில்லை. ஈரமான மாட்டுத்தொழுவத்தின் வாடை மட்டும் சில நொடிகள் அங்கே நின்றது.

என் கேள்விகள் இரண்டு. ஓசை எழுப்பி நடப்பது சரியா, அடங்கி நடப்பது சரியா? நான்கு நாட்களில் ஏறக்குறைய எதையும் காணாமல் திரும்பியது என் குறையா, அல்லது காடே அப்படித்தானா?

பாசிப்பாறை:

உங்கள் வழிகாட்டியின் கணக்கை என்னால் ஓரளவு ஊகிக்க முடிகிறது. அவர் செருமிய இடங்களை நினைவுபடுத்திப் பாருங்கள்: ஓடை இரைந்துகொண்டிருந்த இடம், மூங்கில் அடர்ந்த இடம், பாதை திடீரென்று திரும்பும் இடம், காற்று உங்கள் முகத்தில் அடித்த இடம் ஆகியவற்றில் ஏதாவது ஒன்றாகத்தான் இருந்திருக்கும். காற்று உங்கள் முதுகிலிருந்து முன்னோக்கி வீசினால் உங்கள் வாடை உங்களுக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிடும். எதிரிலிருக்கும் விலங்குக்குத் தனியாக அறிவிப்பு தேவையில்லை. காற்று எதிர்த்து வீசும்போதும், நீரின் இரைச்சல் காலடியோசையை விழுங்கும்போதும்தான் அதற்கு நம் வருகை தெரியாமல் போகிறது. மழைக்காட்டில் பல இடங்களில் பதினைந்து அடிக்கு அப்பால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது என்பதால், தெரியாமல் போனதன் விலை மிக அதிகம்.

அவர் முறைத்த இடங்கள் அவர் காது கொடுத்துக்கொண்டிருந்த இடங்கள். யானை உள்ள காட்டில் நடப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அவ்வளவு பெரிய விலங்கு பாதத்தின் மெத்தையால் சருகு நொறுங்கும் ஓசைகூட இல்லாமல் நடந்துவிடும். ஆனால் மேய்ந்துகொண்டு நிற்கும்போது கிளை முறியும், காது விசிறும், அடிவயிற்றிலிருந்து வருவதுபோன்ற உறுமல் கேட்கும். இந்த ஓசைகள் தொடரும்வரை அதற்கு நம்மைத் தெரியவில்லை என்று பெரும்பாலும் கொள்ளலாம். எல்லாம் ஒரே நொடியில் நின்றுபோனால் அது நம்மைக் கவனிக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். அந்த அமைதியைக் கேட்க வேண்டுமென்றால் நாம் அதற்கு முன்பே அமைதியாக இருந்திருக்க வேண்டும். பேசிக்கொண்டே நடப்பவருக்கு இந்த அறிகுறி கிடைக்காது.

கைதட்டும் அறிவுரையில் எனக்கு உடன்பாடில்லை. தொலைவில் இருக்கும் விலங்குக்குத் தாழ்ந்த குரலில் பேசுவதே போதும். அருகில் குட்டியுடன் நிற்கும் யானைக்குக் கைதட்டல் ஒரு சீண்டல். பாதையில் கிடக்கும் யானை லத்தியில் ஆவி பறந்தாலோ, முறிந்த கிளையின் வெள்ளைப்பகுதி இன்னும் ஈரமாக இருந்தாலோ, எந்த ஓசையும் எழுப்பாமல் வந்த வழியே திரும்புவதுதான் சரி. பயணத் திட்டம் அரை நாள் கெடும், கெடட்டும்.

உங்கள் குழிவிரியனிடம் ஓசை, அமைதி இரண்டுமே எடுபடாது. தரையில் உண்டாகும் அதிர்வைப் பாம்பு உணர்ந்து விலகிவிடும் என்ற அறிவுரை, இரையைத் தேடி அலையும் பாம்புகளுக்குப் பெரும்பாலும் பொருந்தும். குழிவிரியன்கள் பதுங்கியிருந்து இரை பிடிப்பவை. கண்ணுக்கும் மூக்குத்துளைக்கும் நடுவிலுள்ள குழியால் வெப்பத்தை உணர்ந்துகொண்டு ஒரே இடத்தில் நாட்கணக்கில் காத்திருக்கும். தன் நிறமே தனக்குக் காவல் என்பதால், ஆள் வந்தாலும் அசையாமல் கிடக்கத்தான் முயலும். ஆகவே இங்கே காலையும் கையையும்தான் பழக்க வேண்டும். கண் பார்க்காத இடத்தில் கை போகக் கூடாது. குறுக்கே விழுந்து கிடக்கும் மரத்தை எட்டித் தாண்டாமல், அதன்மேல் ஏறி நின்று, மறுபக்கத் தரையைப் பார்த்த பிறகே இறங்க வேண்டும். மத்திய அமெரிக்கக் காடுகளில் இந்தப் பழக்கம் இன்னும் முக்கியமானது. அங்கே பெர்-டி-லான்ஸ் எனப்படும் குழிவிரியன் தரையில், சருகின் நிறத்திலேயே கிடக்கும். அங்கே நடப்பவர்கள் முழங்கால்வரை வரும் ரப்பர் பூட்ஸ் அணிவதற்குச் சேறு மட்டும் காரணமல்ல.

தொழுவ வாடையைப் பற்றி ஒரு சொல்: அது காட்டு மாடாக இருக்கலாம். உறுதியாகச் சொல்ல மாட்டேன். ஆனால் அதை முகர்ந்து நினைவில் வைத்திருக்கிறீர்கள் என்றால் நீங்கள் எதையும் காணவில்லை என்று சொல்வது சரியல்ல.

இருவாச்சி:

பாசிப்பாறை சொன்ன காற்றுக் கணக்கு எனக்கும் உடன்பாடே. ஆனால் கேள்வி நடப்பதைப் பற்றியே இருப்பதால் பதிலும் நடப்பதைப் பற்றியே அமைந்துவிட்டது. மழைக்காட்டில் விலங்கைப் பார்க்க விரும்புகிறவர் முதலில் உட்கார வேண்டும்.

காட்டின் தரைக்கு வந்து சேரும் வெயில், மர உச்சியில் விழுவதில் நூற்றுக்கு இரண்டு பங்கு அளவுதான். இலையும் பூவும் பழமும் மேலே இருப்பதால் அவற்றை உண்பவையும் மேலேயே வாழ்கின்றன. நாம் ஒரு பெரிய கட்டடத்தின் இருண்ட அடித்தளத்தில் நடந்துகொண்டு, மேல்மாடிகளில் குடியிருப்பவர்கள் ஏன் கண்ணில் படவில்லை என்று வருந்துகிறோம். எனவே உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் பதில்: காடு அப்படித்தான், நான்கு நாட்களில் இடம்விட்டு இடம் ஓடிக்கொண்டே இருந்திருந்தால் உங்கள் குறையும் கொஞ்சம் உண்டு.

நான் செய்வது இது. பழுத்திருக்கும் அத்தி மரம் ஒன்றைக் கண்டுபிடிக்கச் சொல்லி வழிகாட்டியிடம் கேட்பேன். அத்தி இனங்களில் எல்லா மரங்களும் ஒரே பருவத்தில் பழுப்பதில்லை. காட்டில் எங்கோ ஒரு மரம் எப்போதும் பழுத்துக்கொண்டிருக்கும். தரையில் உதிர்ந்த பழங்களும் புளித்த மணமும் இருந்தால் போதும். அதிலிருந்து இருபது முப்பது அடி விலகி, முதுகை ஒரு மரத்துக்குக் கொடுத்து, விடியலுக்கு முன்பே உட்கார்ந்துவிடுவேன். முதல் இருபது நிமிடங்கள் ஒன்றும் நடக்காது. நம் வருகையால் அடங்கிய காடு மெல்லத் தன் பேச்சைத் தொடங்க அவ்வளவு நேரம் தேவைப்படுகிறது. பிறகு வரிசையாக வரத் தொடங்கும். இருவாச்சிப் பறவை வருவதைக் கண்ணுக்கு முன்பே காது சொல்லும். அதன் சிறகடிப்பு, மூச்சிரைத்துக்கொண்டு யாரோ ஓடி வருவதுபோல இருக்கும். ஆசியக் காடுகளில் வாலில்லாக் குரங்குகளான கிப்பன்கள் விடியலையொட்டிப் பாடும். முற்பகல் முடிவதற்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். அமெரிக்கக் காடுகளில் ஊளைக்குரங்குகளின் குரல் கிலோமீட்டர் கணக்கில் கேட்கும். முதல்முறை கேட்பவர் அதைப் புலியினமோ என்று அஞ்சுவதில் வியப்பில்லை. அவற்றின் நேர்கீழே நிற்க வேண்டாம். கீழே நிற்பவர்மீது சிறுநீர் கழிக்கும் பழக்கம் அவற்றுக்கு உண்டு, குறி பெரும்பாலும் தவறுவதில்லை.

ஒருமுறை போர்னியோவில் இப்படி உட்கார்ந்திருந்தபோது தலைக்கு மேலே, நெல்லிக்கனியைச் சப்பிக் கொட்டுவது போன்ற ஓசை விட்டுவிட்டு வந்தது. அணில் என்று நினைத்தேன். நிமிர்ந்தபோது பெண் ஒராங்குட்டான் ஒன்று, ஒரு கொத்து இலையை வாய்க்கெதிரே பிடித்துக்கொண்டு, உதட்டைக் குவித்து அந்த ஓசையை எழுப்பிக்கொண்டிருந்தது. அது முத்தமிடுவதுபோல் ஒலித்தாலும் பொருள் 'போய்விடு' என்பதுதான். நான் எழுந்திருக்கத் தயங்கிய அரை நிமிடத்தில் மணிக்கட்டு அளவு தடிமனுள்ள காய்ந்த கிளை ஒன்று மூன்றடி தள்ளி வந்து விழுந்தது. அதன்பின் தயங்கவில்லை.

ஓசை எழுப்பி நடந்தால் ஆபத்து குறையும் என்பது ஓரளவு உண்மை. ஆனால் மெதுவாக நடந்தாலே அதே பயன் கிடைக்கும். வேகமாக நடப்பவர்கள்தான் வளைவில் எதன்மீதாவது போய் முட்டுகிறார்கள்.

நீர்க்கோடு:

அட்டைகளை இங்கே எல்லோரும் ஒரு சொல்லில் கடந்துவிட்டீர்கள். அவற்றுக்காக ஒருவர் பேச வேண்டாமா?

வியட்நாமின் அன்னாமைட் மலைக் காடுகளில் பிடித்த 25 அட்டைகளின் வயிற்றிலிருந்த குருதியின் மரபணுவை ஆராய்ந்து 2012இல் ஒரு கட்டுரை வெளியாயிற்று. விலங்கு கடந்தால் தானே படமெடுக்கும் கேமராப் பொறிகளை வைத்து நீண்ட நாட்கள் காத்திருந்தும் அரிதாகவே சிக்கும் அன்னாமைட் வரிமுயலும், அந்த மலைக்கே உரிய ஒரு சிறு கேளையாடும் அந்தக் குருதியில் அடையாளம் காணப்பட்டன. சருகுநடை அவர்களே, நீங்கள் காணாத விலங்குகளை உங்கள் காலில் ஏறிய அட்டைகள் கண்டிருக்கக்கூடும்.

இனி நடைமுறை. இப்படிப் பாதையோரம் காத்திருந்து மொய்க்கும் நிலத்து அட்டைகள் ஆசியா, ஆஸ்திரேலியா, மடகாஸ்கர் காடுகளுக்கே பெரும்பாலும் உரியவை. காலடி அதிர்வு, உடலின் வெப்பம், நாம் விடும் மூச்சுக்காற்று ஆகியவற்றால் நம்மை அறிகின்றன. அதனால் வரிசையில் முதலில் போகிறவர் அவற்றை எழுப்பிவிட, பின்னால் வருபவர்கள் அகப்பட்டுக்கொள்வதுண்டு. நெருக்கமாக நெய்த அட்டைக் காலுறையைக் காற்சட்டைக்கு மேலே முழங்கால்வரை இழுத்துக் கட்டினால் பெரும்பகுதித் தொல்லை தீரும். கடித்துவிட்டால் உப்பு, நெருப்பு, புகையிலை எதுவும் வேண்டாம். அவற்றால் துன்புறும் அட்டை தன் வயிற்றிலிருப்பதைக் காயத்துக்குள்ளேயே கக்கக்கூடும். மெலிந்த முனைதான் வாய். நகத்தைத் தோலோடு ஒட்டி அதன் அடியில் தள்ளி, முதலில் அந்த முனையையும் பிறகு தடித்த முனையையும் விடுவித்துச் சுண்டி எறிந்துவிடுங்கள். குருதி உறையாமல் தடுக்கும் பொருளை அது செலுத்தியிருப்பதால் சில மணி நேரம்கூடக் கசியும். பார்க்க அச்சமாக இருக்கும். அழுத்திக் கட்டு போட்டால் போதும்.

சருகுநடை:

மூவருக்கும் நன்றி. வரிமுயல் செய்தி என் வருத்தத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டது. வேறொன்றும் கேட்கிறேன். ஓசையும் அமைதியும் கைகொடுக்காமல் நேருக்கு நேர் நின்றுவிட்டால் ஓடலாமா, கூடாதா? வளைவில் அது ஓடியபோது நான் ஓடவுமில்லை, நிற்க முடிவெடுக்கவுமில்லை. கால் அசையவில்லை, அவ்வளவுதான்.

முன்னிரவு:

கால் அசையாமல் நின்றது உங்களுக்கு நன்மையே. ஓடக் கூடாது என்பது பொது விதி. தேனீக்கள் மட்டும் பெரிய விதிவிலக்கு.

தெற்கு, தென்கிழக்கு ஆசியக் காடுகளில் வானுயர்ந்த மரங்களில் மலைத்தேனீயின் அடைகள் வரிசையாகத் தொங்கும். அவை கலைந்துவிட்டால் நின்று தட்டிக்கொண்டிருப்பது பெரும்பிழை. கொட்டிய இடத்திலிருந்து எழும் மணமே மற்றத் தேனீக்களை அங்கே அழைக்கும். வாழைப்பழத்தின் மணத்தை ஒத்தது அது. முகத்தை மூடிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல், அவை விடும்வரை ஓட வேண்டும். நீரில் மூழ்கித் தப்பலாம் என்பது தவறு. தலையை வெளியே எடுக்கும்வரை அவை மேலேயே சுற்றும். தப்பிய பிறகு தோலில் தங்கிய கொடுக்குகளை உடனே எடுத்துவிடுங்கள். பிடுங்குவதா வழிப்பதா என்ற ஆராய்ச்சியில் நேரத்தை வீணாக்க வேண்டாம், ஒவ்வொரு நொடியும் நஞ்சு இறங்கிக்கொண்டிருக்கும்.

மற்றவற்றில் விலங்கைப் பொறுத்து உடல்மொழி மாறுகிறது. புலி, ஜாகுவார் போன்றவற்றின் முன் குனியவோ முதுகு காட்டவோ கூடாது. நிமிர்ந்து, கையை அகற்றி, பெரிய உருவமாக நின்று, முகம் காட்டியபடியே பின்வாங்க வேண்டும். கொரில்லா சீறி வந்தால் நேர்மாறாக, குந்தி உட்கார்ந்து பார்வையைத் தாழ்த்த வேண்டும். அது பெரும்பாலும் மிரட்டல் ஓட்டம், ஓடுபவரைத்தான் துரத்தும். அமெரிக்கக் காடுகளின் வெள்ளைவாய்ப் பெக்கரிப் பன்றிகள் நூற்றுக்கணக்கில்கூடத் திரண்டு வரும். கெட்ட நெடியும், பற்களைக் கொட்டும் கடகடவென்ற ஓசையும் முன்னறிவிப்பு. அப்போது ஆளுயரம் மரத்தில் ஏறிக்கொண்டு கூட்டம் கடந்து போகும்வரை பொறுத்திருப்பதே வழி. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்திலும் நியூகினியிலும் உள்ள காசோவரிப் பறவையின் உள்விரல் நகம் 12 செ.மீ. வரை இருக்கும், உதைத்தால் வயிறு கிழியும். முதுகுப்பையைக் கழற்றி நெஞ்சுக்கும் அதற்கும் நடுவில் பிடித்தபடி பின்வாங்க வேண்டும். குயின்ஸ்லாந்தில் மனிதரைத் தாக்கிய காசோவரிகளில் முக்கால் பங்கு, முன்பு மனிதர் கையால் உணவு பெற்றவை என்று 1999இல் வெளியான ஆய்வு சொல்கிறது. எந்த விலங்குக்கும் தின்பண்டம் நீட்டுபவரைக் கண்டால் எனக்கு ஏற்படும் எரிச்சலுக்கு இதுதான் காரணம். அதை நீட்டியவர் போய்விடுகிறார், உதை அடுத்து வருபவருக்கு.

இவ்வளவையும் படித்தாலும் அந்த நொடியில் நினைவுக்கு வராது என்பதை ஒப்புக்கொள்கிறேன். நான் புதியவர்களுக்குச் சொல்வது ஒன்றே: எதிர்பாராத எந்த அசைவுக்கும் முதலில் நின்றுவிடப் பழகுங்கள். அணிலுக்கும் நில்லுங்கள். அந்தப் பழக்கம் பெரிய விலங்குக்கும் தானாக வந்துவிடும்.

பாம்பு கடித்தால் கீறுவது, உறிஞ்சுவது, இறுகக் கட்டுவது மூன்றும் தீங்கு. மோதிரம், கைக்கடிகாரம் போன்றவற்றை வீக்கம் வருமுன் கழற்றி, கடிபட்ட உறுப்பை எலும்பு முறிவுக்குச் செய்வதுபோல அசையாமல் கட்டி, கடிபட்டவரை நடக்கவிடாமல் தூக்கிச் செல்ல வேண்டும். காட்டின் ஆழத்தில் அது எத்தனை மணி நேரம் ஆகும் என்பதைப் புறப்படும் முன்பே வழிகாட்டியிடம் கேட்டுவையுங்கள். குரங்கோ வௌவாலோ கடித்தாலும் கீறினாலும், காயம் சிறிதாயினும், சோப்பும் நீரும் கொண்டு 15 நிமிடங்கள் கழுவிவிட்டு, வெறிநோய்த் தடுப்பூசிக்குத் திரும்பிவிட வேண்டும்.

பாசிப்பாறை:

முன்னிரவு சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். இத்தனை ஆண்டுகளில் என்னை மிகவும் நெருங்கி வந்த ஆபத்து விலங்கு அல்ல, காற்றே இல்லாத ஒரு பிற்பகலில் மழை நின்றபின் முறிந்து விழுந்த மரக்கிளை. நீரைக் குடித்துக் கனத்த கிளைகள் மழைக்குப் பின்னும் விழும். இருவாச்சி உட்காரச் சொல்கிறாரே, உட்காருமுன் தலைக்கு மேலே பாருங்கள். ஒராங்குட்டான் இல்லாவிட்டாலும் பார்க்க வேண்டும்.

சருகுநடை:

கடைசியாக ஒன்று. இரண்டாம் நாள் இரவு முகாமுக்கு வெளியே தலைவிளக்கை எரியவிட்டபோது தரையெங்கும் நீலப்பச்சையாகப் பொட்டுப் பொட்டாக மின்னியது. பனித்துளி என்று நினைத்து விட்டுவிட்டேன். அது பனித்துளிதானா?

முன்னிரவு:

தலையை அசைக்கும்போது சில பொட்டுகள் அணைந்து அணைந்து எரிந்தனவா? அப்படியானால் அவை சிலந்திகளின் கண்கள். விளக்கு நம் கண்ணை ஒட்டி இருக்கும்போதுதான் கண்ணொளி, அதாவது அவற்றின் கண்ணில் பட்டு எதிரொளிக்கும் வெளிச்சம், நமக்கே திரும்பி வரும். கையில் தாழ்த்திப் பிடித்தால் தெரியாது. அடுத்தமுறை ஒரு பொட்டைக் கண்ணிலிருந்து விடாமல் அருகே நடந்து போங்கள். முடிவில் கட்டைவிரல் நகமளவு ஓநாய்ச் சிலந்தி ஒன்று உங்களையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பாலூட்டிகளின் கண்ணொளி பெரும்பாலும் இரண்டிரண்டாக, தரையைவிட உயரத்தில் தெரியும். மரத்தில் தெரிந்தால் நின்று பார்க்கலாம். இடுப்பு உயரத்தில், அசையாமல், இரண்டாகத் தெரிந்தால் அருகே நடந்து போக வேண்டாம், வழிகாட்டியை எழுப்புங்கள்.